செய்முறைத் தேர்வில் 9.81 வந்தால்தான் மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை இயற்பியல் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வுகள் நெருங்கிவரும் இவ்வேளையில், அத்தேர்வுகளில் மதிப்பெண் இடும் முறை குறித்துத் தங்கள் இதழின் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவர் எதை, எவ்வளவு கவனமாக அளந்தார் என்று பாராமல், அவர் எழுதிய முடிவு புத்தகத்தில் உள்ள மதிப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே பல கல்லூரிகளில் மதிப்பெண் இடப்படுகிறது. என் குறை இது ஒன்றே.

முதலாம் ஆண்டிலேயே வரும் கூட்டு ஊசலை எடுத்துக்கொள்வோம். துளைகளிட்ட ஒரு மீட்டர் நீள உலோகச் சட்டத்தை ஒவ்வொரு துளையாகக் கத்தி விளிம்பில் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தை ஸ்டாப் வாட்சில் குறித்து, வரைபடம் வரைந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். நாங்கள் இருக்கும் கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் உள்ளது. இங்கு அந்த முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 9.78 மீட்டர். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் இரண்டு தசம இடங்கள் வரை அதே மதிப்புதான். உதகையில் உயரத்தின் காரணமாக இன்னும் சற்றுக் குறையும். 9.81 என்பது லண்டனுக்கும் பாரிசுக்கும் உரிய மதிப்பு. அதைக் காவிரிக் கரையில் உள்ள ஆய்வகத்தில் அச்சு அசலாக வரவழைத்த மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது, 9.72 என்று உள்ளதை உள்ளபடி எழுதியவருக்கு, 'வேல்யூ வரவில்லை' என்று மதிப்பெண் குறைகிறது. அட்சரேகையைப் பொறுத்து இந்த முடுக்கம் எப்படி மாறும் என்று வருவித்துக் காட்டச் சொல்லும் கேள்வியை அதே மாணவர் எழுத்துத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பார் என்பது வேடிக்கை.

9.72 என்பது உண்மையில் தவறான விடையா? அந்தச் சட்டத்தின் அலைவு நேரம் சுமார் 1.6 வினாடி, 20 அலைவுகளுக்கு 32 வினாடி ஆகும். ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரல் 0.2 வினாடி முந்தினாலோ பிந்தினாலோ அது 0.6 விழுக்காட்டுப் பிழை. சூத்திரத்தில் அலைவு நேரத்தின் வர்க்கம் வருவதால், இறுதி விடையில் அது இரட்டிப்பாகி ஒன்றே கால் விழுக்காட்டை எட்டும். ஆகவே அந்த மாணவர் எழுத வேண்டிய முடிவு 9.72 ± 0.12. உண்மை மதிப்பான 9.78 இந்த எல்லைக்குள் இருப்பதால், அவருடைய சோதனை பழுதில்லாத சோதனை. பிழை எல்லை குறிக்காமல் 9.81 என்று மட்டும் எழுதியவரின் தாளிலோ, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

இரண்டாம் ஆண்டில், கண்ணாடித் தட்டின் மேல் லென்சை வைத்து, ஒளியில் தோன்றும் வட்ட வளையங்களின் விட்டங்களிலிருந்து அலைநீளத்தைக் கணக்கிடும் நியூட்டன் வளையங்கள் சோதனைக்கு வரும்போது இந்தப் பழக்கம் முற்றிவிடுகிறது. சோடியம் விளக்கின் சராசரி அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்பது எல்லோருக்கும் தெரியும். விட்டத்தை அளக்கும் நகரும் நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.001 சென்டிமீட்டர்; ஆனால் வளையத்தின் விளிம்பு மங்கலாக இருப்பதால், நுண்ணோக்கியில் தெரியும் குறுக்குக் கம்பியை அதன்மேல் நிறுத்துவதில் அதைப் போல இரு மடங்கு ஐயம் எளிதாக வந்துவிடும். பத்தாவது, இருபதாவது வளையங்களை மட்டும் கொண்டு கணக்கிட்டால் விடையில் ஒன்றரை விழுக்காடு, அதாவது 80, 90 ஆங்ஸ்ட்ராம் வரை வேறுபாடு இருப்பது இயல்பு. இருந்தும் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்: 5891, 5894, 5893 என்றே வரிசையாக இருக்கும். பென்சிலில் எழுதிய ரீடிங்குகளின் கடைசி இலக்கம் மட்டும் அழிக்கப்பட்டு, அதன்மேல் வேறு இலக்கம் ஏறியிருக்கும். முடிவு வரி மட்டும் அடித்தல் திருத்தம் இல்லாமல் பேனாவில் பளிச்சென்று இருக்கும். விடையை வைத்துக்கொண்டு வரைபடக் கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு, சாய்விலிருந்து விட்டங்களுக்கு இறங்கிவரும் இந்தச் சரிக்கட்டும் வேலைக்குச் சோதனையைச் செய்வதைவிடக் கூடுதல் கணிதத் திறமை தேவைப்படுகிறது என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

தெரிந்த விடையை நோக்கிச் சாயும் இந்தக் குணம் மாணவர்களோடு நிற்பதில்லை. எண்ணெய்த் துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த ராபர்ட் மில்லிகன், காற்றின் பாகுநிலைக்குச் சரியல்லாத மதிப்பைப் பயன்படுத்தியதால், 1913-இல் வெளியிட்ட எண் ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவாக அமைந்தது. பின்னர் வந்த அளவீடுகள் சரியான மதிப்புக்கு ஒரே தாவலில் போய்ச் சேராமல் சிறிது சிறிதாகவே உயர்ந்தன என்று இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1974-இல் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பட்டமளிப்பு விழாவில் சுட்டிக்காட்டினார். மில்லிகனின் எண்ணைவிட மிகுதியாக வந்தபோது எங்கே தவறு என்று துருவித் தேடியவர்கள், அதற்கு அருகில் வந்தபோது அவ்வளவாகத் தேடவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

கருவிகள் பழையவை, கத்தி விளிம்புகள் தேய்ந்தவை, மூன்று மணி நேரத்தில் ஒரு பிரிவு மாணவர்கள் அனைவரையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த கருவியில் துல்லியமான விடையை எதிர்பார்ப்பதுதான் பொருந்தாதது. ஐயத்தின் அளவை மதிப்பிட்டு எழுத நான்கு வரி போதும்.

இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நியூட்டன் வளையங்களில் அலைநீளத்தைக் கொடுத்துவிட்டு, லென்சின் வளைவு ஆரத்தைக் கண்டறியச் சொல்லலாம். சில கல்லூரிகளில் அப்படித்தான் கேட்கிறார்கள். லென்சுகளில் எண் மட்டும் இட்டு, ஒவ்வொன்றின் ஆரத்தையும் தேர்வாளர் தம்மிடம் வைத்துக்கொண்டால், சரிக்கட்டுவதற்கு மாணவரிடம் விடையே இருக்காது. மின்தடையை அளக்கும் கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்றில் மதிப்பு எழுதாத கம்பிச் சுருளைக் கொடுக்கலாம். வாய்மொழித் தேர்வில் சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'உன் அளவுகளில் எது விடையை மிகுதியாகக் கெடுக்கிறது, அதை எப்படிக் குறைப்பாய்?' என்று கேட்கலாம். 20 அலைவுகளுக்குப் பதில் 50 அலைவுகளை எண்ணியிருக்கலாம் என்று சொல்லும் மாணவருக்குச் சோதனை புரிந்திருக்கிறது.

வெளித்தேர்வாளர் தம் விருப்பப்படி இதைச் செய்ய முடியாது. மதிப்பெண் பங்கீடு அவர் கையில் இல்லை. எனவே பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும், முடிவு வரிக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது பிழை மதிப்பீட்டுக்கு மாற்றி, நியம மதிப்பிலிருந்து விலகியதற்காக மட்டும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று தேர்வாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.