ஃபயர்ஃபாக்ஸ் கிட்டுக்கு மாறியபோது கைகொடுத்தவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே, வணக்கம்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் மூல நிரல் 2025 மே மாதம் மெர்குரியலை விட்டுவிட்டுக் கிட்டுக்கு மாறியது. இரண்டும் நிரலில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள்கள். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, உலாவி எப்போதும் போலத்தான் ஓடியது. ஆனால் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் நம் கணினி வகுப்புக்கு அது பெரிய வேலையாகிப் போனது. வகுப்புப் பிள்ளைகளில் சிலர் ஃபயர்ஃபாக்ஸில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தி அனுப்புகிறவர்கள். திருத்தம் ஏறினால் கமிட்டில், அதாவது அந்த மாற்றத்தின் பதிவில், எழுதியவர் பெயர் வரும், சரிபார்த்தவர் பெயரும் வரும். ஹார்ட் டிஸ்க்கைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு வந்தவர் பெயர் எங்கேயும் வராது. அதற்காகத்தான் இந்த மடல்.

கொஞ்சம் பின்னணி. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா 2007இல் சி.வி.எஸ் என்ற பழைய மென்பொருளிலிருந்து மெர்குரியலுக்குப் போனது. காலப்போக்கில் நிரலாளர்களில் பலர் கிட்டையே பயன்படுத்தத் தொடங்க, இரண்டுக்கும் ஈடு கொடுப்பது பாரமாகிவிட்டது. கிட் ஒன்றே போதும் என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். பைத்தான் நிரல்மொழி 2017இலும், ஜி.சி.சி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) 2020இலும் கிட்டுக்கு வந்துவிட்டன. இதில் ஒரு வேடிக்கை: லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலை எழுதுகிறவர்களுக்கு, அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச அனுமதி போனதும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டையும் மேட் மெக்கால் மெர்குரியலையும் ஒரே மாதத்தில் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் மெர்குரியல் கட்டளைகள்தான் புதியவர்களுக்கு இதமானவை. சரி, ஊரே ஒரு பக்கம் போனபிறகு அதைப் பேசி என்ன ஆகப்போகிறது!

முதல் நன்றி ஈப்போவில் வேலை பார்க்கும் என் அத்தை மகனுக்கு. ஃபயர்ஃபாக்ஸின் முழு வரலாற்றையும் இறக்கினால் சில ஜிகாபைட் வரும். கிட் குளோன் (முழு நகலெடுப்பு) பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். மண்டபத்து இணையமோ மழை தூறினாலே போய்விடும். அவர் தன் வீட்டில் மொத்தத்தையும் இறக்கி, ‘கிட் பண்டல்’ ஆக ஒரே கோப்பாகக் கட்டி, டிஸ்க்கை முறுக்கு டின்னில் வைத்துத் துணி சுற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு தாள். அதில் கோப்பின் எஸ்.எச்.ஏ-256 மதிப்பு (கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் கைரேகை போன்றது), 64 எழுத்தும் எண்ணுமாக, பேனாவில் எழுதியிருந்தது. படிவம் மூன்று பையன் ஒருவன் திரையைப் பார்த்து நான்கு நான்காக வாசிக்க, அவர் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கடைசி நான்கும் பொருந்தியபோது மண்டபத்தில் கைதட்டல். அந்தக் கோப்பிலிருந்தே எல்லாக் கணினிகளிலும் குளோன் எடுத்து, பிறகு புதிய மாற்றங்கள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் ஒரிஜின் முகவரியை மட்டும் கிட்ஹப் தளத்திலுள்ள மோசில்லாவின் களஞ்சியத்துக்கு மாற்றினோம். அதன்பின் புதிதாக வந்ததை மட்டும் இறக்கினால் போதுமென்று ஆகிவிட்டது. டின்னில் முறுக்கும் இருந்தது, அதற்குத் தனி நன்றி.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை அக்கா, பழைய மெர்குரியல் குறிப்புகளை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து திருத்தி எழுதினீர்கள். மெர்குரியலில் ‘புல்’ கட்டளை போட்டால் மாற்றங்கள் வந்து சேரும், அவ்வளவுதான். நம் கோப்புகளைத் தொடாது. கிட்டில் அதே ‘புல்’ கொண்டுவந்ததோடு நில்லாமல் நம் கிளையோடு (நாம் வேலை செய்யும் மாற்றத் தொடரோடு) இணைத்தும் விடும். பழையபடி வேண்டுமென்றால் ‘ஃபெட்ச்’. இந்த இடத்தில் நீங்கள் சிவப்பு மையில் போட்ட கட்டம் எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று உங்களுக்கே தெரியாது.

கிராணி (தோட்டக் கணக்கர்) ஐயாவுக்கு என்ன சொல்ல? பேத்தியை அழைத்துப் போக வந்தவர், ‘கமிட் செய்வதற்கு முன்னால் எதற்கு இந்த ஆட் கட்டளை?’ என்று பிள்ளைகள் என்னைக் குடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “செம்பனைக் குலையை வெட்டி மரத்தடியிலேயே போட்டால் மண்டோர் கணக்கில் எழுதுவாரா? ரோட்டோரம் கொண்டுவந்து அடுக்கினதைத்தான் எழுதுவார். அடுக்குறதுதான் ஆட், எழுதுறது கமிட்” என்றார். மெர்குரியலில் மாறிய கோப்புகள் எல்லாம் தானாகவே கமிட்டில் சேர்ந்துவிடும் என்பதால் பிள்ளைகளுக்கு இந்த அடுக்கும் வேலை புதிது. ஐயா சொன்னபிறகு யாரும் கேட்கவில்லை.

கணினிக் கடை அண்ணன் பழைய கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி (வேகமான சேமிப்பகம்) போட்டுக் கொடுத்து, பொருளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். கோயில் நிர்வாகத்தினர் திருவிழா வேலைக்கு நடுவிலும் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். மின் கட்டணத்தைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை.

மோசில்லாவில் இந்த மாற்றத்தைச் செய்த குழுவுக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரட்டிப் போடாமல், பிழைகளைப் பதியும் பக்சில்லா, திருத்தங்களைச் சரிபார்க்கும் ஃபேப்ரிகேட்டர், அவற்றை ஏற்றும் லாண்டோ மூன்றையும் இருந்த இடத்திலேயே விட்டீர்கள். எங்கள் பிழை எண்கள் மாறவில்லை. சரிபார்ப்புக்குக் காத்திருந்த பேட்ச்களை (திருத்தங்களை) மோஸ்-ஃபேப் என்ற கருவி வழியாகப் புதிய களஞ்சியத்துக்கு எடுத்துக்கொண்டோம். ‘கிட்ஹப்பில்தானே இருக்கிறது, புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் என்ன?’ என்று, திருத்தத்தை அந்தத் தளத்திலேயே நேராகச் சமர்ப்பிக்கப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த வழியை நீங்கள் திறக்காததில் அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்கு நிம்மதி.

அப்புறம், மோசில்லாவின் மேட்ரிக்ஸ் அரட்டை அறையில் நள்ளிரவில் பதில் சொன்னவரே! நீங்கள் எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் மாணவி கிளை எதிலும் இல்லாமல் கமிட் செய்துவிட்டு ‘மெயின்’ கிளைக்குத் தாவியிருந்தாள். மெர்குரியலாக இருந்தால் அந்தக் கமிட் வரலாற்றில் கண்ணெதிரே நிற்கும், கிட்டில் காணவில்லை. ‘கிட் ரீஃப்லாக்’ போட்டுப் பாருங்கள் என்று ஒரே வரி எழுதினீர்கள். நாம் போய்வந்த இடங்களையெல்லாம் காட்டும் அந்தப் பட்டியலின் நான்காவது வரியில் அந்தக் கமிட் இருந்தது. அதற்கு ஒரு கிளைப் பெயர் வைக்கச் சொல்லிவிட்டு, அவள் நன்றி சொல்வதற்குள் போய்விட்டீர்கள். அவள் சார்பில் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்ச் பிறகு ஏறிவிட்டது.

பண்டல் கோப்பு கணினிக் கடையில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் சொந்த டிஸ்க்கோடு போய்க் கேளுங்கள். காலியிடம் இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு எழுதிய தாளைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

நன்றியுடன்,
சனிக்கிழமைக் கணினி வகுப்பின் சார்பில்,
சுங்கை சிப்புட், பேராக்