விளைகிற ஊரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமை வாழ்க்கை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிறுதானிய உணவகம், கைத்தறித் துணிக்கடை, பிளாஸ்டிக் இல்லாத மளிகைக் கடை என்று நிறைய வந்திருந்தன, எல்லாமே சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இருப்பவை. நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் தர்மபுரியில் உட்கார்ந்து அதைப் படிக்கிறபோது ஒன்று உறுத்தியது. அந்தக் கடைகளில் அழகான பையில் போட்டு விற்கிற கேழ்வரகு, சாமை, புளி, பட்டு எல்லாம் எங்கள் பக்கத்து மண்ணில் விளைகிறவை. அந்த ஊர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் பதினோரு வருடம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் தர்மபுரிக்கே திரும்பி வந்தவள். அங்கே இருந்தபோது வாரக் கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய் கேழ்வரகு மாவு வாங்குவேன், அரிசியைப் போல் மூன்று மடங்கு விலை கொடுத்து. இங்கே என் அம்மா அதே கேழ்வரகை வாங்கி, கழுவிக் காயவைத்து, தெருமுனை மில்லில் அரைத்து வைத்திருப்பார். பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர்தான், இருந்தும் அத்தனை வருடம் எனக்கு அது தோன்றவில்லை.

அந்த மாவில் கிண்டுகிற களியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சத்துக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். சத்து உண்மைதான், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் இருப்பது அதில் சொற்பம்தான். ஆனால் நாங்கள் அதற்காகவா சாப்பிடுகிறோம்? நொய்யைக் குழைய வேகவிட்டு, மாவைக் குவித்துப் போட்டு, மூடி வைத்து, அப்புறம் துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, கையை ஈரமாக்கிக்கொண்டு உருட்டி வைக்கிறபோது வருகிற அந்த வாசனைக்காகத்தான் சாப்பிடுகிறோம். பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது. வெயில் நாளில் கீரைக் கடைசல் போதும், கொள்ளுக் குழம்பு இருந்தால் இன்னும் நல்லது, ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டுக்கோழி. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக்காய் வண்டி வண்டியாக வரும். அந்தக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்கிற பிதுக்கம்பருப்புக் குழம்புக்கும் களிக்கும் உள்ள பொருத்தத்தை நான் வேறு எந்தச் சாப்பாட்டிலும் பார்த்ததில்லை. கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராகப் போட்ட அவரை, அதே கேழ்வரகுக் களிக்குக் குழம்பாக வருகிறது. இரண்டும் மானாவாரிப் பயிர்கள், மழையை நம்பி வளர்கிறவை. தண்ணீருக்கு இவ்வளவு கஷ்டப்படுகிற மாவட்டத்தில் இதைவிடப் பசுமையான சாப்பாடு எது?

அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2023-இல் தர்மபுரி, நீலகிரி இரண்டு மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் பலர் விரும்பி வாங்கினார்கள். வீட்டில் களி கிண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற ஊர் இது. ஆனால் வெளியூரிலிருந்து வந்த சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் களி சாப்பிடத் தேடியபோது, நாங்கள் நுழைந்த மூன்று ஓட்டலிலும் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும்தான் இருந்தன. நான்காவதில் பார்சல் சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தது 2019 ஜனவரி 1-ஆம் தேதி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இப்படி என்றால் மனசு கேட்கவில்லை. அன்று முதல் நான் தூக்குப் பாத்திரம் இல்லாமல் ஓட்டலுக்குப் போவதில்லை. முதல் தடவை கொஞ்சம் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது அந்தக் கடை அண்ணனே, "தூக்கு எடுத்துட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்கிறார், ஒரு கரண்டி சாம்பார் அதிகமாகவே ஊற்றுகிறார்.

சரி, துணிக்கு வருகிறேன். தர்மபுரியில் நான்கு ரோடு பக்கத்தில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. பெங்களூரிலிருந்து திரும்பிய பிறகுதான் முதல்முறையாக உள்ளே போய்ப் பார்த்தேன், இத்தனை நாள் வாசலோடு கடந்து போயிருக்கிறேன். வெண்பட்டுக் கூடு ஒரு பக்கம், மஞ்சள் கூடு ஒரு பக்கம், கையில் எடுத்தால் கனமே தெரியாது. அந்த ஒரு கூட்டுக்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை இருக்கிறது. மல்பெரி இலை பறித்து, ராத்திரி பகல் பார்க்காமல் புழுவுக்குப் போட்டு, நான்கு தடவை தோலுரித்து அது கூடு கட்டுகிற வரைக்கும் வீட்டோடு எல்லோரும் அதன் பின்னால்தான் ஓட வேண்டும் என்று கூடு கொண்டுவந்திருந்த ஒரு அம்மா சொன்னார். புழு தின்று மிச்சமான தண்டு ஆட்டுக்கு, எச்சம் உரத்துக்கு. எதுவும் வீணாவதில்லை என்று அவர் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஆனால் அவர் கட்டியிருந்தது பாலியெஸ்டர் புடவை. கூடு ஏலம் போய், நூலாகி, எங்கேயோ நெய்து, ஜரிகை போட்டு, கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்தபின் அந்தப் புடவையை வாங்க அவருக்கும் கட்டாது, எனக்கும் யோசனைதான்.

எனக்கு இந்த ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்: எங்கள் ஊரில் விளைவது எங்கள் ஊர்க்காரர்களின் தட்டுக்கும் உடம்புக்கும் வர வேண்டும். எல்லாமே வெளியே போகக் கூடாது என்று சொல்லவில்லை, விவசாயிக்கு விலை வேண்டும். ஆனால் அங்காடிக்குப் பக்கத்திலேயே இந்தப் பட்டில் நெய்த சாதாரணமான, ஜரிகை இல்லாத துணியை நாங்கள் தொட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி ஒரு கடை இருந்தால் என்ன? கலெக்டர் அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற ஜனங்களுக்கு மதியம் ஒரு வேளையாவது களி கிடைக்கிற மாதிரி செய்தால் என்ன? இரண்டும் பெரிய முதலீடு கேட்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

புதுத் துணி வாங்குவதையே நான் குறைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் தைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், என் கல்லூரிக் காலத்திலிருந்தே அவரிடம்தான் தைப்பேன். அம்மாவின் பழைய பட்டுப் புடவை மடிப்பில் விட்டுப்போய் இருந்ததைக் காட்டினேன். "தூக்கிப் போட்டுடாத கண்ணு, முந்தானையில ரவிக்கை வரும், உடம்புல பாப்பாவுக்குப் பாவாடை வரும்" என்றார். இரண்டுமே வந்தன. போன பொங்கலுக்கு அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன், எத்தனை பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள் தெரியுமா! வெட்டு மிச்சத் துணியை அக்கா மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார், அதில்தான் எங்கள் தெருவின் சந்தைப் பைகள் எல்லாம் தைக்கப்படுகின்றன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு அறிவித்தபோது அவருக்கு ரொம்ப சந்தோஷம், அவர் அந்தப் பையை விட்டதே இல்லை.

புளியைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள், வீட்டுத் திண்ணை தோறும் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டிக்கொண்டிருப்பார்கள். புளி குழம்புக்குப் போகிறது, கொட்டை மாவு மில்லுக்குப் போய் நூலுக்குக் கஞ்சி போடப் பயன்படுகிறது. கிருஷ்ணகிரி மாங்காயை எல்லோருக்கும் தெரியும், இந்தத் திண்ணை வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. கூலியும் குறைவு, விரல் நுனியெல்லாம் கறுத்துப் புண்ணாகிவிடும். பசுமைக் கடையில் விதையில்லாப் புளி என்று ஒட்டி விற்கிற பொட்டலத்துக்குப் பின்னால் அந்த விரல்கள் இருக்கின்றன, உங்கள் நிருபர் அவர்களிடம் பேசினால் நன்றாக இருக்கும்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் எங்கள் குழாய்க்கு வந்தது. அந்தத் தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் பிடித்து எடுத்துக்கொண்டு போகிறோம், கடையில் பாட்டில் வாங்குவதில்லை.

வருகிற மாதம் என் அக்கா மகளுக்குக் காது குத்து. வாழை இலையில் களியும் கறிக்குழம்பும் என்று முடிவாகிவிட்டது, சொந்தக்காரர்கள் சிலருக்குப் பிரியாணிதான் வேண்டுமாம், பேசிக்கொண்டிருக்கிறோம். தாம்பூலத்துக்குப் பளபளா கவர் வேண்டாம் என்று தையல் அக்கா துணிப்பை தைத்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் இருநூறு வேண்டும், நேற்று இரவு வரை நூற்று நாற்பது முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தர்மபுரி