பயப்படுகிற நாளில்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கோபத்தில் சொல்லவில்லை. கடிதம் என்றால் பாதியில் நிறுத்தினாலும் திரும்ப எடுத்துப் படிக்கலாம் அல்லவா, அதனால்தான்.

இங்கே கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலி இப்போது பரவாயில்லை. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனே சொல்லியிருப்பான். பெரியம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பழைய பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு தடவை அவரிடம் பேசிவிடு. இன்னும் நிறையச் செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் அதில் நிற்கவில்லை.

நன்றாகத் தூங்குகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. படுக்கும்போது போனைத் தலைமாட்டில் வைக்காதே.

போன முறை வந்திருந்தபோது ஆராதனையின் நடுவில் எழுந்து வெளியே போனாய். தலைவலி என்றாய், நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீ எழுந்த நேரம் எனக்கு நினைவிருக்கிறது. "பயம் இருக்கிறதா, அப்படியானால் உன்னிடம் விசுவாசம் இல்லை" என்று பிரசங்கம் போய்க்கொண்டிருந்தது. படகில் புயல் வந்த பகுதியைத்தான் எடுத்திருந்தார்கள். "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்?" என்று ஆண்டவர் கேட்டது உண்மைதான். ஆனால் மாற்கு நாலாம் அதிகாரத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று பார். அவர் எழுந்து முதலில் காற்றை அதட்டினார், கடலை அமைதிப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் கேட்டார். கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறம் காப்பாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

வேதத்தில் "பயப்படாதே" என்ற வார்த்தை 365 தடவை வருகிறது, வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு சரியாக வராது. வராவிட்டால் போகட்டும். அந்த வார்த்தை யார் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. வனாந்தரத்தில் பிள்ளையைச் செடியின்கீழ் விட்டுவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்து அழுத ஆகாருக்கு. செத்துவிடுவோம் என்று நினைத்த கிதியோனுக்கு. கப்பல் உடையப் போகிற நேரத்தில் பவுலுக்கு. எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். நடுங்காதவனிடம் போய் "பயப்படாதே" என்று யார் சொல்வார்கள்?

சின்ன வயதில் 91-ஆம் சங்கீதத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிப் பரிசு வாங்கினவள் நீ. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. இப்போது அதை விட்டுவிட்டு 56-ஆம் சங்கீதத்தை எடுத்துப் படி என்கிறேன். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." மூன்றாம் வசனம். அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் படி. பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடினது என்று போட்டிருக்கும். காத் யாருடைய ஊர்? கோலியாத்தின் ஊர். தாவீது அங்கே போனபோது அவனிடம் இருந்தது யாருடைய பட்டயம்? அதுவும் கோலியாத்தின் பட்டயம்தான், ஆசாரியனிடமிருந்து அப்போதுதான் வாங்கியிருந்தான். ராட்சதனைக் கொன்றவன், அவனுடைய பட்டயத்தோடேயே அந்த ராட்சதனுடைய ஊரில் நின்று, ராஜாவுக்கு "மிகவும் பயப்பட்டு" பைத்தியக்காரனைப்போல வேஷம் போடுகிறான். வாசற்கதவைக் கீறுகிறான். வாயிலிருந்து எச்சில் தாடியில் ஒழுகுகிறது. 1 சாமுவேல் 21-இல் இருக்கிறது. நாம் ஞாயிறு பள்ளியில் கவண்கல்லை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம், இந்தக் கதவை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த நிலையில் இருந்தவனிடமிருந்துதான் இந்த வசனம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பயப்படவே மாட்டேன் என்று அவன் ஆரம்பிக்கவில்லை. பயப்படுகிற நாள் ஒன்று இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்கிறான். அடுத்த வசனத்தில்தான் "நான் பயப்படேன்" என்று வருகிறது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எத்தனை ராத்திரி போயிற்றோ, யாருக்குத் தெரியும். உனக்கும் அப்படித்தான். மூன்றாம் வசனத்தில் இருக்கிறவள் அவிசுவாசி அல்ல. அங்கே இருந்துகொண்டே நம்பலாம். எட்டாம் வசனத்தையும் விட்டுவிடாதே. "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றால் தோல்பை. நீ எங்களுக்குத் தெரியாமல் அழுகிறதும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

தூங்குகிறாயா என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றால், ராத்திரி மூன்று மணிக்கு நீ போனில் இருந்தது எனக்குத் தெரிகிறது. நானும் விழித்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. ஏதாவது எழுதலாமா என்று விரலை வைக்கிறேன், வேவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வாயோ என்று எடுத்துவிடுகிறேன். அப்புறம் அந்த எழுத்து மறைந்துபோகிறது. தூங்கிவிட்டாய்போல என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா ஆபரேஷன் அறைக்குள் இருந்த அந்த ராத்திரி உனக்கு நினைவிருக்கும். நீதான் தம்பியைத் தூங்கவைத்தாய், நீதான் எல்லாருக்கும் போன் செய்தாய். அப்பா தைரியமாக இருந்தார் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாய். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. கைகள் நடுங்கின. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் படித்த வேதத்தில் ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை, "ஆண்டவரே" என்பதோடு நின்றுபோயிற்று. சித்தப்பா தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜெபம் செய்யவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார், அவ்வளவுதான். டாக்டர் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு ரொம்ப நேரம் முன்பே என் கை நடுக்கம் நின்றுவிட்டது.

அது என்ன என்று எனக்குப் பிறகுதான் பவுலைப் படிக்கும்போது விளங்கிற்று. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதினவர், அதுவும் விலங்கு போட்டிருக்கும்போது எழுதினவர், கொரிந்தியருக்கு எழுதும்போது என்ன சொல்கிறார் தெரியுமா? எல்லாச் சபைகளையும்பற்றிய கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். இன்னோர் இடத்தில் "வெளியே போராட்டங்களும், உள்ளே பயங்களும்" என்கிறார். உள்ளே பயங்கள்! பவுலுக்கு! அதற்கு அடுத்த வசனத்தில், சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று எழுதுகிறார். எப்படிச் செய்தாராம்? தரிசனம் வரவில்லை, வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. தீத்து வந்தான். ஒரு சிநேகிதன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். 2 கொரிந்தியர் 7:5, 6. கோடு போட்டு வை.

அதனால்தான் சொல்கிறேன், கதவைச் சாத்திக்கொள்ளாதே. "நல்லா இருக்கேன்பா" என்று நீ சொல்லும்போது எங்களை மட்டும் வெளியே நிறுத்தவில்லை, கர்த்தர் உனக்கு யார்மூலமாக ஆறுதல் அனுப்ப நினைத்தாரோ அவர்களையும் நிறுத்திவிடுகிறாய். எங்களிடம் சொல்ல மனம் வரவில்லை என்றால் பரவாயில்லை. வருத்தம்தான், ஆனாலும் பரவாயில்லை. உன் கல்லூரித் தோழியிடமாவது சொல். யாரிடமாவது சொல்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இதுவரை வந்துவிட்டேன். அம்மா உன் பையில் ஊசிநூல் எடுக்கப்போனபோது அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். துருவிப் பார்க்கவில்லை, அவள்மேல் கோபப்படாதே. பெயரை வைத்து அது எதற்கு என்று தெரிந்துகொண்டோம். உன்னைக் கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

மகளே, அதற்காக நீ எங்களுக்கு முன்னால் தலை குனியவேண்டிய அவசியமே இல்லை. நீ டாக்டரைப் பார்க்கப் போனாயே, அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும். பவுலின் கூடவே இருந்தவன் யார்? "பிரியமான வைத்தியனாகிய லூக்கா." விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. நீயாக நிறுத்திவிடாதே. அப்படிப்பட்ட மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இன்னும் மோசமாகத் தடுமாறும். ஜெபமும் செய், மாத்திரையும் போடு. இரண்டும் ஒரே கையிலிருந்துதான் வருகிறது.

எலியா தீர்க்கதரிசியைப் பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவன், கொஞ்ச நாளில் சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். தேவதூதன் வந்து முதலில் என்ன செய்தான்? புத்தி சொன்னானா? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் விட்டுவிட்டான், தூங்கட்டும் என்று. இரண்டாந்தரம் வந்து, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம், எழுந்து சாப்பிடு என்றான். எலியாவோடு கர்த்தர் பேசினது இதற்கெல்லாம் பிறகுதான். அதனால்தான் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நச்சரிக்கிறேன். வேறு ஒன்றும் தெரியாமல் கேட்பதாக நினைக்காதே.

லண்டனில் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜனைப்பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். 1856-இல், அவருக்கு 22 வயது. ஆயிரக்கணக்கானவர்கள் நிறைந்த அரங்கத்தில் யாரோ தீ என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். அந்த அதிர்ச்சி அவரை வாழ்நாள் முழுவதும் துரத்திற்று. மனச்சோர்வில் பலமுறை விழுந்தார். அதை மறைக்கவில்லை, மேடையிலேயே பேசினார். குளிர்காலத்தில் வேலையை விட்டுவிட்டுத் தெற்குப் பிரான்சில் போய் ஓய்வு எடுத்தார். அவரை யாராவது விசுவாசம் இல்லாதவர் என்பார்களா? நீயும் லீவு போடு. வேலை ஓடிப்போகாது.

அந்தப் படபடப்பு வரும்போது, நெஞ்சு அடைத்து, மூச்சு வாங்கி, செத்துவிடுவோம் போல இருக்குமாம். படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சில நிமிஷத்தில் உச்சிக்கு ஏறி, அப்புறம் தானாக இறங்கிவிடுமாம். அந்த நேரத்தில் நீளமாக ஜெபிக்க முயற்சி செய்யாதே, முடியவில்லையே என்று அது வேறு பயமாகிவிடும். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்" என்று மனதில் சொல். அதைவிட மெதுவாக வெளியே விடும்போது "உம்மை நம்புவேன்" என்று சொல். திரும்பத் திரும்பச் சொல். நானும் மூன்று மணிக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயத்தை விரட்டுகிற மந்திரமாகச் சொல்லவில்லை, யாரிடம் சொல்கிறோம் என்பதை மறக்காமல் இருக்கத்தான். படபடப்பு வரும் என்று இப்போதே அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் பயப்படாதே. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் தினமும் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தை மறுநாளுக்கு எடுத்துவைத்தார்கள், புழுத்து நாறிற்று. அந்த நாளுக்குரியது அந்த நாளில் கிடைத்தது. நாளைக்கு வேண்டிய பெலன் நாளைக்குத்தான் வரும், ஆனால் வரும்.

போனைத் தலைமாட்டில் வைக்காதே என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன். வைத்துக்கொள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் வேறு எதையும் பார்க்காமல் என்னைக் கூப்பிடு. பேசவேண்டாம், சும்மா லைனில் இரு. நான் எடுப்பேன்.

இந்த மாதக் கடைசியில் அங்கே வரலாம் என்று நானும் அம்மாவும் நினைக்கிறோம். புத்தி சொல்ல அல்ல, கூட இருக்கத்தான். நீ வேண்டாம் என்றால் வரமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம். சரி என்றால் ஒரு வார்த்தை அனுப்பு, டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மாத்திரை தீரப்போகும் முன்பே வாங்கி வைத்துக்கொள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போகாதே. நாங்கள் அங்கே இருக்கும் நாளாகப் பார்த்து நேரம் வாங்கு, அம்மா கூட வருவாள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்.