கலமான்சி கோதுமை பீருக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வீட்டுலயே பீர் போடுற நம்ம சிங்கப்பூர் ஆளுங்க கூடினப்போ நான் கொண்டு வந்த கலமான்சி (குட்டி எலுமிச்சை மாதிரி ஒரு பழம்) பீர் மொத்தமும் காலி, ரெண்டாவது கிளாஸ் கேட்டவங்களுக்குக் குடுக்கக்கூட மிச்சம் இல்ல, அந்த சந்தோஷத்துலதான் இத எழுதுறேன், ஏன்னா அது நான் ஒருத்தனா போட்ட பீர் இல்ல.

முதல் நன்றி தெம்பனிஸ் அண்ணனுக்கு. அண்ணே, நீங்க ஜாம் பாட்டில்ல ஊத்திக் குடுத்த, பீர நொதிக்க வைக்கிற க்வைக் ஈஸ்ட் இல்லன்னா இந்த வெக்கையில என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. சாதாரண ஏல் வகை பீர் ஈஸ்டுக்கு 18, 20 டிகிரி வேணும், அதுக்குன்னு தனி ஃபிரிட்ஜ் வைக்க எச்டிபி அடுக்குமாடி வீட்டுல எங்க இடம்? நார்வேல வோஸ் பக்கத்துப் பண்ணை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா காப்பாத்திட்டு வந்த ஈஸ்ட் இது, 35 டிகிரியில கூட ஜம்முனு வேலை செய்யுது, மறுநாள் காலையில பாத்தா ஏர்லாக் (உள்ள வர்ற வாயுவ வெளிய விடுற மூடி) குடுகுடுன்னு ஓடிக்கிட்டிருக்கு, லேசா ஒரு ஆரஞ்சு வாசனை வேற.

தேக்கா மார்க்கெட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போன அக்காவுக்கு ரொம்ப நன்றி. உருண்டை மல்லிய விட்டுட்டு கொஞ்சம் நீளமா இருக்கிற இந்திய மல்லிய எடு, அதுலதான் எலுமிச்சை வாசம் தூக்கலா இருக்கும்னு சொன்னீங்க, அப்படியேதான் இருந்துச்சு. பெல்ஜியத்துல கோதுமை பீருக்கு மல்லியும் ஆரஞ்சுத் தோலும் போடுறது பழைய வழக்கம், ஹூகார்டன் ஊர்ல அது நின்னே போய் 1960-கள்ல பியேர் செலிஸ்னு ஒரு பால்காரர்தான் மறுபடி ஆரம்பிச்சார். நம்ம ரசத்துக்குப் போடுற அதே மல்லி! 20 லிட்டருக்கு 20 கிராம், ஒவ்வொன்னும் ரெண்டா பொளக்குற அளவுக்கு மட்டும் இடிச்சு, கொதி முடிய 5 நிமிஷம் இருக்கும்போது போட்டேன்.

பீர் வாசமே பிடிக்காத எங்கம்மா உக்காந்து அத்தன குட்டிக் கலமான்சியையும் துருவிக் குடுத்தாங்க, வெள்ளைப் பகுதி பட்டா கசக்கும்னு பச்சைத் தோல மட்டும் அவ்வளவு பொறுமையா.

அப்புறம் நம்ம பீஷான் அங்கிள். தோல நேரா பீப்பாயில கொட்டாத, வோட்காவுல ஊற வை, எவ்வளவு வேணும்னு ருசி பாத்து சேத்துக்கலாம்னு சொன்னதோட நிக்காம வீட்டுக்கே வந்துட்டார். சின்னச் சின்ன கிளாஸ்ல பீர அளந்து ஊத்தி, தோல் ஊறின வோட்காவ மருந்துக்கடை சிரிஞ்சுல எடுத்து ஒன்னுல கொஞ்சம், அடுத்ததுல இன்னும் கொஞ்சம்னு விட்டு, கண்ண மூடி ஒவ்வொன்னா குடிச்சுப் பாத்து, இது பழம், இது பாத்திரம் கழுவுற சோப்புன்னு சொன்னார் பாருங்க, அந்த நாக்கு யாருக்கு வரும்! அவர் கை காட்டின கிளாஸ் கணக்குலதான் மொத்த பீருக்கும் சேத்தேன்.

இங்க சிங்கப்பூர்ல ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர்தான் போடலாம், விக்கவும் கூடாது, அதனால போடுறது முழுக்க நமக்குள்ள பகிர்ந்துக்கத்தான், எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளுங்க கிடைக்கிறது பெரிய விஷயம்.

அடுத்து வாசனைக்குப் போடுற பாண்டான் இலையும் குலா மலாக்காவும் (பனை வகை வெல்லம்) வச்சு ஒரு ஸ்டவுட், அதான் கறுப்பு பீர், போடலாம்னு இருக்கேன். காலி பாட்டில் எடுத்துட்டுப் போனவங்க கழுவிக் கொண்டு வந்துடுங்க, ஈஸ்ட் வேணும்னா சொல்லுங்க, அடியில தங்கினத எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கேன்.