தேதியைத் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும்

தம்மாம், சவுதி அரேபியா

அன்புள்ள சேகர்,

உன் மகன் தம்பி பிரபுவுக்கு விசா ஸ்டாம்பிங் முடிந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்ததும் 2001 ஞாபகம் வந்துவிட்டது. ஜுபைல் கேம்ப்பில் இரட்டைக் கட்டிலில் நீ மேலே, நான் கீழே. அப்போது நீ ஊரில் விட்டுவந்த கைக்குழந்தை இப்போது இங்கே வேலைக்கு வருகிறான். மனசு நிறைந்துவிட்டது.

அன்றைக்கு அக்காமா, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, சின்னப் புத்தகமாக இருந்ததே, நினைவிருக்கிறதா? வியர்வையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்போம். தூங்கும்போது தலையணைக்கு அடியில். இப்போது அட்டைதான், அதுவும் சவுதி அரசின் அப்ஷர் ஆப்பில் போனிலேயே தெரிகிறது. ஆனால் பையன்கள் யாரும் திறந்து, அது முடிகிற தேதியைப் பார்ப்பதில்லை. கேட்டால், "கம்பெனி பார்த்துக்கும் அண்ணே" என்கிறார்கள்.

2018-இல் எனக்குத் தெரிந்த கும்பகோணம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான், வெல்டர். அந்த வருஷம் வெளிநாட்டு ஆள் ஒருவருக்கு மாதம் 300, 400 ரியால் என்று அரசுக் கட்டணத்தை ஏற்றினார்கள். அதைக் கட்ட வேண்டியது முதலாளிதான். அவன் வேலை செய்த இடத்தில் கட்டாமல் இழுத்தடித்தார்கள். அதனால் புதுப்பிக்காமலே அக்காமா முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் அவனுடைய அப்பா இறந்துவிட்டார். அக்காமா உயிரோடு இல்லாமல் எக்ஸிட் ரீ-என்ட்ரி, அதாவது ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி, அடிக்க முடியாது. அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. எப்படியும் அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தான். ஊரில் கொள்ளி வைத்தது அவன் சித்தப்பா மகன். அந்தச் சட்டை பல நாள் அங்கேயே தொங்கியது. எடுத்து மடித்து வைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

2021 மார்ச்சிலிருந்து நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கம்பெனித் தொழிலாளி அப்ஷரில் தானே எக்ஸிட் ரீ-என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளி அக்காமாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், அவர் சம்மதம் இல்லாமலே வேறு இடத்துக்கு மாறவும் வழி உண்டு. ஆனால் தன் அக்காமா என்றைக்கு முடிகிறது என்று தெரிந்தவனுக்குத்தானே அதெல்லாம் உதவும்?

எனக்கே ஒரு தடவை தவறியது. கார் லைசென்ஸ். ஐந்து வருஷத்துக்கு 200 ரியால் கட்டி எடுத்தேன். எடுத்த தேதியோடு இங்கிலீஷ் கணக்கில் ஐந்து வருஷம் கூட்டி டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். அட்டையில் இருந்ததோ ஹிஜ்ரி கணக்கு. அந்த வருஷத்துக்கு 354 நாள்தான், சில வருஷம் 355. ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட 54 நாள் குறைந்துவிடும். கோபார் போகிற வழியில் ராத்திரி செக்கிங். போலீஸ்காரர் டார்ச் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முன்தஹி" என்றார். முடிந்துவிட்டது என்று ஒரே வார்த்தை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பின் சீட்டில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அபராதத்தைக் கட்டி, கண் டெஸ்ட் எடுத்து, மறு வாரமே புதுப்பித்தேன். அன்றிலிருந்து அட்டையில் இருக்கிற தேதியை இங்கிலீஷ் தேதிக்கு மாற்றி, இரண்டு மாதம் முன்னாலேயே போனில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் 2019-இல் ஊருக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். குடும்பத்துக்கான அரசுக் கட்டணம் அப்போது தலைக்கு மாதம் 300 ரியால், மூன்று பேருக்கு வருஷம் 10,800. அக்காமா புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்தது. முடியவில்லை. வீடியோ காலில் சின்னவள் உயரத்தைக் கதவில் கோடு போட்டுக் காட்டுவாள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வந்து இறங்கி 90 நாளுக்குள் அக்காமா எடுத்தாக வேண்டும். மெடிக்கல், கைரேகை, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தள்ளிப் போட்டால் வாராவாரம் ஆபீஸில் போய்க் கேட்கச் சொல், வெட்கப்பட வேண்டாம். அட்டை கையில் வந்ததும் அப்ஷரில் கணக்குத் திறக்க நான் கூட இருந்து உதவுகிறேன். அந்தப் பாஸ்வேர்டை எந்த ஏஜென்டிடமும் கொடுக்கக் கூடாது. பாஸ்போர்ட்டும் அவன் கையில்தான் இருக்க வேண்டும். நம்மைப் போல அதைக் கம்பெனி பீரோவில் விட்டுவிட வேண்டாம். ஊர் லைசென்ஸின் ஒரிஜினலை மறக்காமல் எடுத்து வரட்டும்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசா பக்கத்தையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வை. அவன் எண்ணையும் கொடு. விமான நேரம் தெரிந்ததும் சொல், நானே ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துவருகிறேன். முதல் இரண்டு நாள் என் ரூமில் தங்கட்டும். பையனுக்கு மாமா நான் சமைத்து வைத்திருப்பேன் என்று உன் வீட்டுக்காரி தங்கச்சியிடம் சொல். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

உன்,
ராஜு