மேப் சென்சார்: புல்லியைக் கணக்கிட்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தயக் கார் என்ஜின்களுக்கு சூப்பர்சார்ஜர் (என்ஜினின் சுழற்சியால் பெல்ட் வழியே ஓடி, கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் கருவி) பொருத்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெல்ட், அது சுற்றும் சக்கரமான புல்லி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், நான்கு பார் சென்சாரை வாங்கிப் போட்டுவிட்டால் கவலையில்லை என்ற பொருள்பட ஒரே வரியில் முடித்துவிட்டார். புகை வாயுவின் வேகத்தில் ஓடும் டர்போவைப் பொருத்திய என்ஜின்காரர்கள் சொல்லிப் பழகிய இந்த ஆலோசனை பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு அப்படியே பொருந்தாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மேப் சென்சார் காட்டுவது பூஸ்ட் கேஜ் காட்டும் அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடிய அழுத்தத்தை (பூஸ்ட்) அன்று. முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கப்படும் தனி அழுத்தத்தைத்தான் அது காட்டுகிறது. சென்னையில் என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டாலே அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். கேஜில் அரை பார் பூஸ்ட் என்றால் சென்சாரின் கணக்கில் அது ஒன்றரை பார், அதாவது 150 கிலோபாஸ்கல். வளிமண்டலத்தின் இந்த ஒரு பாரைக் கூட்ட மறந்துவிட்டு, ஒரு பார் பூஸ்டுக்கு ஒரு பார் சென்சார் போதும் என்று சொல்பவர்கள் பட்டறைகளில் இன்றும் இருக்கிறார்கள்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாத என்ஜின்களில், மேனிஃபோல்டு அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, சுழற்சி வேகம் ஆகியவற்றைக் கொண்டுதான் இசியூ எனும் என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி காற்றின் நிறையைக் கணக்கிட்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க்கை எவ்வளவு முன்னதாக விடுவது என்று முடிவு செய்கிறது. சாதாரண என்ஜினுக்கென வந்த சென்சாரின் எல்லை 105 அல்லது 115 கிலோபாஸ்கலில் முடிந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் அதன் வோல்டேஜ் ஏறாது. காற்று ஒன்றரை மடங்கு உள்ளே போக, பெட்ரோல் பழைய அளவிலேயே நின்றுவிடும், ஸ்பார்க்கும் பின்தள்ளப்படாது. கலவை மெலிந்து நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடித்தல்) தொடங்கினால், பிஸ்டனின் தலை உருகுவதற்கு ஒரு நீண்ட நேர்ப்பாதையே போதும்.

ஆகவே எல்லை உயர்ந்த சென்சார் வேண்டும் என்பதில் கட்டுரையாளருடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு உயர்ந்தது என்பதை யூகத்துக்கு விடாமல் புல்லியிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே என் வாதம். இந்தியப் பந்தயக் களத்தில் நெடுங்காலம் ஓடிய மாருதி எஸ்டீமின் 1298 கன சென்டிமீட்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் கிராங்க் (என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும்போது அது இழுக்கும் கொள்ளளவு 649 கன சென்டிமீட்டர். அதில் ஐசின் நிறுவனத்தின் ஏஎம்ஆர் 500 என்ற சிறிய ரூட்ஸ் வகை (இரண்டு ரோட்டர்கள் சுழன்று காற்றைத் தள்ளும் வகை) சூப்பர்சார்ஜரைப் பொருத்தினால், அது தன் ஒவ்வொரு சுற்றுக்கும் 500 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். புல்லி விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால் கிராங்கின் ஒரு சுற்றுக்கு 1000 கன சென்டிமீட்டர். இதை 649ஆல் வகுத்தால் வருவது அழுத்த விகிதம், அதாவது மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைப் போல் எத்தனை மடங்கு என்பது: சுமார் 1.54. புல்லி விகிதத்தை இரண்டரையாக்கினால் அது சுமார் 1.93 ஆகிவிடும். (ரோட்டரின் சுழற்சி வேக வரம்பு தனிக் கணக்கு, அதையும் பார்த்தாக வேண்டும்.) ரோட்டர் இடைவெளிக் கசிவு இந்த எண்ணைக் குறைக்கும், காற்று சூடேறுவது கூட்டும் என்றாலும், சென்சார் தேர்வுக்கு இந்தத் தோராயம் போதும்.

ஊரின் உயரமும் இதில் சேர்கிறது. கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கலை ஒட்டியே இருக்கும். எனவே இரண்டரை விகிதப் புல்லியோடு செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார் 186 கிலோபாஸ்கல் அளவில் நிற்கும். இரண்டு பார் சென்சார் தாராளம் என்று தோன்றும். அதே காரைச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனால், புல்லியைத் தொடாமலேயே அது 195ஐ எட்டும். சென்சாரின் வோல்டேஜ் உச்சத்தை நெருங்கும்போது பல இசியூக்கள் அதை வயர் ஷார்ட் ஆனதாக எடுத்துக்கொண்டு பி0108 கோளாறுக் குறியீட்டைப் போட்டு, மாற்று மதிப்பில் என்ஜினை ஓட்டத் தொடங்கிவிடும். பந்தயத்தின் நடுவில் யாரும் விரும்பாத நிலை இது. இந்த என்ஜினுக்கு என் தேர்வு 250 கிலோபாஸ்கல் சென்சார்தான். எரிபொருளை வெட்டும் பாதுகாப்பு எல்லையை இசியூவில் 220க்கு அருகில் வைத்துக்கொள்ளலாம்.

நான்கு பார் சென்சார் ஏன் கூடாது? சென்சாரின் வோல்டேஜை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கும் பத்து பிட் இசியூவில் அதன் ஒவ்வொரு படியும் 0.4 கிலோபாஸ்கல், 250 சென்சாரில் அது 0.25தான். இந்த வித்தியாசத்தைச் சிலர் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது பிழை வரம்பு. சென்சாரின் பிழை முழு அளவின் விழுக்காடாகவே குறிக்கப்படுகிறது. மெகாஸ்குவர்ட் எனும் டியூனிங் இசியூக்களில் பழக்கமான, 250 கிலோபாஸ்கல் எல்லையுள்ள எம்பிஎக்ஸ் 4250 சென்சாரில் அது ஏறத்தாழ மூன்றரை கிலோபாஸ்கல். 400 கிலோபாஸ்கல் வகையில் ஏறத்தாழ ஆறு. 180இல் ஆறு பிசகினால் சமாளித்துவிடலாம். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது), 35 கிலோபாஸ்கலில், ஆறு பிசகினால் பெட்ரோல் கணக்கில் ஆறில் ஒரு பங்கு தவறிவிடும். அதுவும் இந்த வரம்பு 85 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்கு மேல் பிழை விரியும் என்பதால், கொதிக்கும் சூப்பர்சார்ஜரின் மேலேயே சென்சாரைத் திருகுவதை நான் ஏற்பதில்லை. டர்போவில் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வான வேஸ்ட்கேட் சிக்கினால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறக்கூடும். அங்கே பெரிய இடைவெளி விடுவதில் நியாயம் உண்டு. பெல்ட்டில் கட்டுண்ட ரூட்ஸ் சூப்பர்சார்ஜருக்கு அந்தக் குணம் இல்லை.

சென்சாரை மாற்றிவிட்டு, வோல்டேஜை அழுத்தமாக மாற்றும் இசியூவின் அட்டவணையை அப்படியே விட்டுவிடுவது இன்னும் மோசம். எம்பிஎக்ஸ் 4250 சென்சார் 100 கிலோபாஸ்கலில் 1.8 வோல்ட் தரும். அதே குடும்பத்தின் 115 கிலோபாஸ்கல் சென்சார் அதே அழுத்தத்தில் நான்கு வோல்ட் தரும். பழைய அட்டவணையோடு இருக்கும் இசியூ, 1.8 வோல்ட்டைப் பார்த்ததும் உள்ளே 50 கிலோபாஸ்கல்தான் இருக்கிறது என்று எண்ணி, தேவையில் சரிபாதி பெட்ரோலைத்தான் தெளிக்கும். அட்டவணையை மாற்ற வழியில்லாத கம்பெனி இசியூவோடு இருப்பவர்கள் முதலில் இசியூவைப் பற்றி யோசிக்க வேண்டும், சென்சார் பிறகு.

பொருத்தும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூட்ஸ் வகையில் காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரும்பாலும் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் பூஸ்ட் இருக்காது. அங்கே சென்சாரை வைத்தால் பயனில்லை. இன்டர்கூலரையும் தாண்டி, இன்டேக் வால்வுகளுக்கு முந்தைய பொது அறையில் துளையிட வேண்டும். ஹோஸ் குட்டையாகவும், எண்ணெய்ப் பிசுக்கு வழிந்து இறங்கும்படி சென்சாரை நோக்கி மேலேறியும் செல்ல வேண்டும். இரு முனையிலும் கிளாம்ப் கட்டாயம், ஏனெனில் முழு பூஸ்டில் ஹோஸ் கழன்றால் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் இசியூவுக்குச் சொல்லும்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய சென்சாரானாலும், பெட்டியோடு வரும் புதியதானாலும், அழுத்தத்துக்கு எத்தனை வோல்ட் என்ற விவரத்தாள் இல்லாததை, மேலே மூன்று பார் என்று அச்சிட்டிருந்தாலும் நான் தொடுவதில்லை. ஐந்து வோல்ட் கொடுத்து மல்டிமீட்டர் வைத்தால், 4250 சென்சார் சென்னையில் 1.82, கோவையில் 1.73, உதகையில் 1.34 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

சாலையில் ஓடும் காரில் இத்தகைய மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டிருக்கிறது. அடுத்த வாரப் பகுதியில் அதையும், புல்லி விகிதத்துக்கு ஏற்ற சென்சார் எல்லைகளைக் காட்டும் ஒரு சிறு அட்டவணையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்ஜின் டியூனிங் பட்டறை நடத்தும் வாசகர்,
பீளமேடு, கோவை.