முகாமுக்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ நடத்தப்போகும் பள்ளி முகாமில் எடை மிஷினை மட்டும் வைத்துக் ‘குண்டுப் பிள்ளைகள்’ பட்டியல் எடுத்தால் போதும் என்று பள்ளி நிர்வாகம் சொல்வதாக எழுதியிருந்தாய். சம்மதிக்காதே. உயரமும் வயதும் சேராத எடைக்கு அர்த்தமே இல்லை.

7 வயதுப் பையன், 122 செ.மீ., 30 கிலோ என்று வைத்துக்கொள். பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது, 20.2. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி அந்த வயதுப் பையனுக்கு 17-க்கு மேல் அதிக எடை, 19-க்கு மேல் பருமன். ஆனாலும் இவனுக்கு ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். ஒரு வருஷம் 30-லேயே நிறுத்து. அதற்குள் 128 செ.மீ. வளர்ந்துவிட்டால் பிஎம்ஐ 18.3, 8 வயதுக்குப் பருமன் கோடு 19.7. பட்டினி போடாமலே கீழே வந்துவிடுவான். இந்தக் கணக்கைப் பையனின் அம்மாவிடம் பேப்பரில் போட்டுக் காட்டு, பாதி பயம் தெளிந்துவிடும்.

உயரம் அளப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஷூ கழற்றி, குதிகால் சுவரில் பட, பார்வை நேராக இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளின் கொண்டையை அவிழ்க்கச் சொல். 3 செ.மீ. கொண்டையோடு அளந்தால் மேலே சொன்ன 20.2 என்பது 19.2 ஆகிவிடும்.

காரணம் தேடவும் உயரம்தான் துப்பு. சாப்பாட்டால் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரமாகவே இருக்கும். பருமனோடு வளர்ச்சியும் நின்றிருந்தால் தைராய்டு, கார்ட்டிசால் ஹார்மோன்களைச் சோதித்துப் பார். 5 வயதுக்கு முன்பே மிதமிஞ்சிய பருமன், அடங்காத பசி என்றால் மரபணுச் சோதனை. 1997-ல் கேம்பிரிட்ஜ் குழு கண்டறிந்த இரண்டு குழந்தைகளுக்குப் பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனே சுரக்கவில்லை. அதை ஊசியாகப் போட்டதும் பசி அடங்கியது. அபூர்வம்தான். ஆனால் அப்படி ஒரு பிள்ளையைப் போய் ‘வாயைக் கட்டு’ என்று திட்டுவது பாவம்.

எடை குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைட் பற்றிக் கேட்டிருந்தாய். 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது: வாரம் ஒரு ஊசி, 68 வாரம், சராசரி பிஎம்ஐ 16.1% குறைவு. வாந்தி, குமட்டல் உண்டு. சிலருக்குப் பித்தப்பைக் கல். மருந்தை நிறுத்தினால் எடை திரும்புவதைப் பெரியவர்களிடம் பார்த்தாயிற்று. உன் முகாம் பிள்ளைகளுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

தடுப்பு என்றதும் விளையாட்டுப் பீரியடைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். பர்மிங்காம் வட்டாரத்தில் 54 பள்ளிகளில் தினம் 30 நிமிடக் கூடுதல் ஓட்டம், சமையல் வகுப்பு என்று ஒரு வருஷம் செய்து பார்த்தார்கள். 2018-ல் வந்த முடிவில் எடையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. அதே வருஷம் பிரிட்டன், 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ள குளிர்பானங்களுக்கு வரி போட்டது. கம்பெனிகள் தாங்களே சர்க்கரையைக் குறைத்தன. பிள்ளைக்குப் புத்தி சொல்வதைவிடக் கண்ணில் படும் பொருளை மாற்றுவது பலிக்கும் என்பது என் கட்சி.

அதனால் முதலில் கேன்டீனைப் பார். 100 மில்லிக்கு 11 கிராம் என்று அச்சிட்ட ஜூஸ், 200 மில்லி பாக்கெட்டில் 22 கிராம், ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன் சர்க்கரை. 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு, மொத்தக் கலோரியில் சர்க்கரை 5 சதவீதத்துக்குள் என்ற கடுமையான வரம்பின்படி ஒரு நாளைக்கே 20 கிராம்தான்.

எந்த பிஎம்ஐ சார்ட் வைத்திருக்கிறாய் என்று எழுது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 சார்ட்டில் கோடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் கோடுகளிலிருந்து வேறு. ஒரே முகாமில் இரண்டையும் கலந்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்